காசிமேட்டு ஏலத்தை வைத்து பிஎச்.டி.: புரபோசல் முதலிலா, கைடு முதலிலா?

காசிமேட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. பொருளியல் முடிச்சிட்டு பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு டியூஷன் சென்டர்ல பாடம் எடுத்துட்டிருக்கேன். இந்தத் தடவை நெட்டுங்கற தேசியத் தகுதித் தேர்வுல 'பிஎச்.டி. மட்டும்' பிரிவுல தேறிட்டேன். ஜெ.ஆர்.எஃப்.ங்கற மாச உதவித்தொகை வரல. அந்த மார்க்கு ஒரு வருஷம்தான் செல்லும், அதனால இந்த வருஷமே எங்கயாவது சேர்ந்தாகணும்.

அம்மா காசிமேட்டு ஏலத்துல மீன் எடுத்து கொருக்குப்பேட்டை தெருவுல விக்கிறாங்க. அதனால அதையே தலைப்பா வச்சேன்: 'வடசென்னை மீனவப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு'. புரபோசல், அதான் ஆய்வுத் திட்டம், இருபது பக்கத்தைத் தாண்டிடுச்சு. பேராசிரியர்கள் சில பேருக்கு மெயில் போட்டேன், ஒருத்தர்கூட பதில் போடல.

தலைப்ப முடிவு பண்ணிட்டு கைடு (ஆய்வு நெறியாளர்) தேடணுமா, கைடப் புடிச்சிட்டு அவர் சொல்ற தலைப்ப எடுத்துக்கணுமா? வீட்டுல இதெல்லாம் கேக்க யாரும் இல்ல. அதான் இங்க கேக்கறேன்.

பழைய பெஞ்சு

கைடுதான் முதல்ல. தலைப்பு ரெண்டாம் பட்சம். கைடு நல்லவரா இருந்தா எந்தத் தலைப்புலயும் முடிச்சிடலாம். கைடு சரியில்லன்னா தலைப்பு தங்கமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. என்னோட சேர்ந்தவன் ஒருத்தன் கைடோட பையனுக்கு காலேஜ் அட்மிஷன் வாங்க அலைஞ்சான், கைடு வீட்டு கரன்ட் பில்லு கட்டினான், சேப்டர் மட்டும் திரும்பி வரவே இல்ல. எந்த காலேஜுன்னு சொல்ல மாட்டேன்.

தேரடி

பெஞ்சு அண்ணே, வந்தவுடனே பயமுறுத்தாதீங்க.

தங்கச்சி, வாழ்த்துகள். ஒரு வேலை செய்யி. பிஎச்.டி. ஆய்வேடெல்லாம் ஏத்தி வச்சிருக்கற ஷோத்கங்கா தளத்துல போயி 'மீனவப் பெண்கள்', 'சமூகப் பொருளாதார நிலை'ன்னு ரெண்டையும் போட்டுத் தேடு, இங்கிலீஷ்லயும் தேடு. கடலோர மாவட்டம் ஒவ்வொண்ணுக்கும் வரிசையா வரும். உள்ள தொறந்தா வயசு, படிப்பு, குடும்பத்துல எத்தன பேரு, மாச வருமானம்னு டேபிள் டேபிளா போட்டு, கை-ஸ்கொயர்னு ஒரு புள்ளியியல் சோதனை ஓட்டி, 'அரசு உரிய கவனம் செலுத்த வேண்டும்'னு முடிச்சிருப்பாங்க. நீ ஊர் பேர மட்டும் மாத்திப் போட்டா கமிட்டியில முதல் கேள்வியே 'இதுல புதுசா என்ன?'ங்கறதா இருக்கும்.

இருபது பக்கத்த ஓரமா வச்சிட்டு இத மட்டும் சொல்லு: அம்மா தொழில்ல உனக்கே புரியாத விஷயம் எது?

காசிமேட்டுக்காரி

அண்ணா, தேடிப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஒண்ணு ரெண்டு ஆய்வேட்டுல 'முன்னுரை'கூட வரிக்கு வரி ஒத்துப்போகுது.

புரியாதது ஒண்ணு இருக்கு. ஏலத்துல ரெண்டு விதமா மீன் எடுப்பாங்க. கைக்காசு இருக்கறவங்க அப்பவே கட்டிட்டு எடுப்பாங்க. இல்லாதவங்க ஏலக்காரர்கிட்ட கணக்குல எழுதி எடுத்துட்டுப் போயி, வித்துட்டு சாயங்காலமோ மறுநாளோ கட்டுவாங்க. வட்டின்னு எதுவும் கிடையாது. ஆனா கணக்குல எடுத்தா அதே சங்கரா, அதே கானாங்கத்தைக்கு விலை கூட நிக்குதுன்னு அம்மா சொல்வாங்க. அப்போ கடன் கொடுத்து தினமும் வசூல் பண்ற தண்டல்காரர்கிட்ட காலையில காசு வாங்கி, ரொக்கமா எடுக்கலாம் இல்லியான்னு கேட்டா, 'அவன் மழை பேஞ்சாலும் வந்து நிப்பான், ஏலக்காரர் நிக்க மாட்டாரு'ங்கறாங்க. விலை கூடன்னு தெரிஞ்சும் ஏன் அங்கயே எடுக்கறாங்கன்னு எனக்குப் புரியல.

தேரடி

தங்கச்சி, இதுதான் உன் பிஎச்.டி. அந்த இருபது பக்கத்துல இது எந்தப் பக்கத்துல இருக்கு?

காசிமேட்டுக்காரி

எங்கயும் இல்லண்ணா. 'கடன் சுமை'ன்னு ஒரு பத்தி மட்டும் இருக்கு.

ரிட்டயராகப் போறவன்

எனக்குப் பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டு கூட இல்லை. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி என்னால் புதிதாக ஸ்காலர் எடுக்க முடியாது. அதனால் இங்கே நான் சொல்வதில் ஆள் பிடிக்கும் நோக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெயிலுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். ஒரு நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். இடம் காலி இல்லாதவர் பதில் எழுதச் சோம்பல்படுவார். அது மரியாதை இல்லைதான், ஆனால் நடப்பு அதுதான். பல்கலைக்கழகம் அங்கீகரித்த கைடுகளின் பட்டியலை எடுங்கள். யாருக்கு வேகன்சி இருக்கிறது என்று துறை அலுவலகத்திலோ கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவிலோ விசாரித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள். கௌரவ விரிவுரையாளர் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் கைடு ஆக முடியாது, நிரந்தரப் பணியில் இருப்பவர் வேண்டும். உங்கள் பக்கத்துக் கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். சர் தியாகராயா, பாரதி மகளிர், வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரி என்று எதுவானாலும், உங்கள் பாடத்துக்கு அங்கே ஆராய்ச்சி அங்கீகாரமும் கைடும் இருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, அந்த மெயிலில் என்ன எழுதினீர்கள்?

காசிமேட்டுக்காரி

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன்'னு ஆரம்பிச்சு, புரபோசல் முழுசும் பயோடேட்டாவும் இணைச்சு அனுப்பினேன் சார். எல்லாருக்கும் ஒரே மெயில்தான்.

ரிட்டயராகப் போறவன்

அப்படி எனக்கு வாரத்துக்கு எத்தனையோ வரும். சிலது இயற்பியல் மாணவர் போட்டிருப்பார், நான் இருப்பது பொருளியல். இருபது பக்க இணைப்பை முன்பின் தெரியாதவருக்காக யாரும் திறப்பதில்லை.

திறக்க வைப்பது இதுதான். மெயிலின் உடலிலேயே பத்துப் பதினைந்து வரி. நீங்கள் இப்போது தேரடிக்குச் சொன்னீர்களே, 'விலை கூடன்னு தெரிஞ்சும் ஏன் அங்கயே எடுக்கறாங்க' என்று, அதை அப்படியே முதல் பத்தியாக வையுங்கள். அந்தப் பேராசிரியர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்து, அது உங்கள் கேள்வியோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று இரண்டு வரி. நெட் பிரிவு, மதிப்பெண் எப்போது காலாவதி ஆகிறது, முழுநேரமா பகுதிநேரமா என்பது ஒரு வரி. 'நேரில் வந்து பேசலாமா' என்று முடித்துவிடுங்கள். பயோடேட்டா போதும், புரபோசலைக் கேட்டால் அனுப்பலாம். 'மேலான', 'பொன்னான' எல்லாம் வேண்டாம்.

பழைய பெஞ்சு

சார் சொல்றது சரி. ஆனா கட்டுரைய மட்டும் பாத்து ஆள எடை போடாதீங்க மேடம். உலகத்தரத்துல கட்டுரை எழுதறவர் ஸ்காலர் சேப்டர ஆறு மாசம் தொட மாட்டாரு. ஷோத்கங்காவுல அவர் பேர கைடு இடத்துல போட்டுத் தேடுங்க. அவர்கிட்ட முடிச்சவங்க யாரு, எந்த வருஷம் சேர்ந்து எந்த வருஷம் முடிச்சாங்க, எல்லா ஆய்வேடும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கா, இல்ல ஆளுக்கு ஆள் வேற வேறயா இருக்கான்னு பாருங்க. அப்புறம் இப்ப அவர்கிட்ட இருக்கற ஸ்காலர்ல ரெண்டு பேரையாவது, டிபார்ட்மென்ட்டுக்கு வெளிய, டீக்கடையில வச்சு கேளுங்க. 'சார் எப்படி'ன்னு கேக்காதீங்க, 'நல்லவர்'னுதான் சொல்வாங்க. 'கடைசியா கொடுத்த சேப்டர் எப்ப திரும்பி வந்துச்சு'ன்னு கேளுங்க. விட்டுட்டுப் போனவங்க யாராவது இருக்காங்களான்னும் கேளுங்க. அவங்க பேரு ஷோத்கங்காவுல வராது.

வலைப்பின்னல்

நான் மானுடவியலில் முடித்தவள். யாரும் தொடாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

காசிமேட்டுக்காரி, உங்கள் அம்மா கணக்கில் மீன் எடுப்பது ஒரு ஏலக்காரரிடம். நீங்கள் பேட்டி எடுக்கப் போவது அதே ஏலக்காரரையும் அவருடைய கூட்டாளிகளையும். 'கணக்கில் கொடுத்தால் விலை கூட வைக்கிறீர்களா' என்று நீங்கள் கேட்ட மறுநாள் அம்மாவுக்குக் கணக்கு எழுதுவாரா? ஆய்வேடு முடிந்ததும் ஷோத்கங்காவில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படகின் பெயர், ஏலக்காரர் பெயர், அம்மா விற்கும் தெரு, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் துறைமுகத்தில் எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

அதனால் இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. அம்மாவும் அம்மாவின் ஏலக்காரரும் உங்கள் கணக்கெடுப்பில் வரமாட்டார்கள் என்று புரபோசலிலேயே எழுதுங்கள். நீங்கள் அந்த வீட்டுப் பெண் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெயர்களை எப்படி மாற்றுவீர்கள், குறிப்பேடு யாரிடம் இருக்கும், சம்மதம் எப்படிக் கேட்பீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். கையெழுத்து வாங்கும் படிவத்தை நீட்டினால் கடனில் இருக்கும் பெண் முதலில் பயப்படுவாள். வாய்மொழிச் சம்மதம் ஏற்பார்களா என்று நெறிமுறைக் குழுவிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேரடி

அக்கா, அம்மாவ விட்டுட்டா ஆய்வோட உயிரே போயிடுமே? ஏலத்துக்குள்ள அவளுக்கு வழி கிடைக்கறதே அம்மாவாலதான். வெளியாள் போயி நின்னா 'யாரும்மா நீ, எந்த டிவி'ன்னு கேப்பாங்க.

வலைப்பின்னல்

வழி காட்ட அம்மா இருக்கட்டும், தரவாக வேண்டாம். அந்த வித்தியாசத்தைத்தான் சொன்னேன் தம்பி.

ஆய்வு உதவி மையம்

[விளம்பரம் என்பதால் மட்டுறுத்துநர் இந்தப் பதிவை நீக்கியுள்ளார்.]

மணலி பார்ட்டைம்

நீக்கறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். புரபோசலுக்கு ஒரு ரேட்டு, சேப்டருக்கு ஒரு ரேட்டு, வைவாவுக்கு பி.பி.டி. இலவசமாம்! மேடம், அந்தப் பக்கம் தலைவச்சுக்கூட படுத்துடாதீங்க. 2018 யு.ஜி.சி. விதிப்படி மத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும்தான் ஒத்துப்போகலாம், அதத் தாண்டினா திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவாங்க, ரொம்ப அதிகமானா ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும். அந்தக் கடைக்காரங்க ஒரே முன்னுரைய பல பேருக்கு விக்கறாங்க, நீங்க பாத்த வரிக்கு வரி ஒத்துமையும் அப்படி வந்ததாத்தான் இருக்கும்.

ரிட்டயராகப் போறவன்

அதோடு, யாரோ எழுதிக் கொடுத்த புரபோசலோடு நேர்காணலுக்கு வந்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். உங்கள் பிரிவுக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம். அந்த முப்பது முழுக்க 'உன் கேள்வியை நீயே யோசித்தாயா' என்பதற்குத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்கில் எடுக்கும் பெண்கள் எந்த நேரத்தில் மீன் எடுக்கிறார்கள்? ரொக்கக்காரர்கள் முதலில் வரும் நல்ல மீனை எடுத்துவிட்டு, மிஞ்சியது கணக்கில் போகிறதா? அப்படியானால் நீங்கள் பார்க்கும் விலை வித்தியாசம் கடனால் வந்ததா, மீனால் வந்ததா?

காசிமேட்டுக்காரி

சார், இத நான் யோசிக்கவே இல்ல. அம்மாகிட்ட கேட்டேன். பெரிய போட்டு, அதான் விசைப்படகு, மீனுக்கு நீங்க சொல்றது சரி, விடிய விடிய விலை எறங்கிடும், கணக்குக்காரங்க கொஞ்சம் பொறுத்துதான் எடுப்பாங்களாம். எறங்கின பிறகு எடுத்தும் விலை கூடன்னா கணக்கு இன்னும் மோசம்ங்கறாங்க. சின்ன ஃபைபர் படகு மீன் வேற மாதிரி. அது கொஞ்சமா வரும், ஒரே நேரத்துல ரொக்கமும் கணக்குமா அன்னக்கூடைய வச்சுக்கிட்டு பக்கத்துப் பக்கத்துல நிப்பாங்க, ஒரே குவியல்ல இருந்து ரெண்டு பேரும் எடுப்பாங்க. அங்க உக்காந்து எழுதினா மீன் வித்தியாசம் வராதுன்னு நினைக்கறேன்.

ரிட்டயராகப் போறவன்

அப்படியென்றால் ஃபைபர் படகுக் கரையைத்தான் களமாக வைக்க வேண்டும். ஒரே குவியல், ஒரே நிமிடம், இரண்டு விதமான கட்டணம். எழுத வேண்டியது மீன் வகை, அளவு, நேரம், ரொக்கமா கணக்கா, எந்த விலை, கணக்கு என்றால் எப்போது கட்டினார் என்பவை மட்டும். வயது, மதம், வீடு ஓடா தார்சா என்பதெல்லாம் எதற்கென்று தெரியாமல் வினாத்தாளில் சேர்க்காதீர்கள். சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) 2010இல் எடுத்த கடல் மீனவர் கணக்கெடுப்பு மீனவ ஊர்வாரியாகவே இருக்கிறது. பின்னணிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். அதில் கிடைக்காதது ஒரு நாள் ஏலத்தின் விலை. உங்கள் 'ஆய்வு இடைவெளி' என்ற பத்தியில் இதையே எழுதுங்கள், 'இதுவரை எவரும் ஆராயவில்லை' என்று எழுதாதீர்கள். எவரோ ஆராய்ந்திருப்பார், அவர்தான் உங்களுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, வருவார்.

இது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, விலை கூட என்று தெரிந்தும் ஏன் விலகவில்லை என்பது. அதற்கு விலைப் பட்டியல் பதில் சொல்லாது. மழை நாளில், பிரசவத்தில், மீன் விற்காத நாளில் ஏலக்காரர் என்ன செய்கிறார், தண்டல்காரர் என்ன செய்கிறார் என்று சில பெண்களோடு பல மாதம் பேச வேண்டும்.

தேரடி

கால அட்டவணைய பாத்தீங்களா சார்? நான் அவகிட்ட தனியா வாங்கிப் படிச்சேன். களப்பணின்னு மே, ஜூன் போட்டிருக்கா. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்! பெரிய போட்டெல்லாம் கட்டித்தான் கெடக்கும்.

காசிமேட்டுக்காரி

ஐயோ அண்ணா! டியூஷன் சென்டருக்கு லீவு மே மாசம்தான், அதனால போட்டேன்.

வலைப்பின்னல்

அதை மாற்றிவிடாதீர்கள். தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, ஃபைபர் படகு போகும். வரத்து குறையும், ரொக்கக்காரர்களும் உங்கள் கரைக்கே வந்து நெருக்குவார்கள். அப்போது கணக்குக்கு மீன் கிடைக்கிறதா? கிடைத்தால் எந்த விலையில்? தடைக்கு முன்னால் ஒரு சுற்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று காலம் எடுத்தால் ஆய்வுக்கு அதுவே ஒரு முதுகெலும்பு. மூன்றையும் இரண்டு வருடம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பழைய பெஞ்சு

ரெண்டு வருஷம் களப்பணின்னா சாப்பாட்டுக்கு? ஜெ.ஆர்.எஃப். இல்லாம முழுநேரமா சேர்ந்தா கஷ்டம் மேடம். அத இங்க யாரும் பேசல.

ரிட்டயராகப் போறவன்

பேசவேண்டியதுதான். சேர்ந்த பிறகும் நெட் எழுதி ஜெ.ஆர்.எஃப். எடுக்கலாம், வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. சமூக அறிவியல் என்பதால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கென்று தனியே உதவித்தொகை இருந்தால் அதையும் கேளுங்கள். டியூஷனை விட முடியாது என்றால் பகுதிநேரம். அவசரம் இல்லை: குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பும் விதியிலேயே இருக்கிறது. அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், கைடு முகம் சுளித்தாலும் சரி.

மணலி பார்ட்டைம்

பகுதிநேரம்னதும் என் கதையையும் கேட்டுடறேன் சார், இழைய திருப்பறதுக்கு மன்னிக்கணும். நான் மணலியில ஒரு கம்பெனியில வேலை. எண்ணூர் கழிமுகத்துல சேறு, மட்டி ரெண்டுலயும் கன உலோகம் எவ்வளவு இருக்குன்னு பண்ணப் போறேன். கைடு ஓகே சொல்லிட்டாரு. கம்பெனி என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைங்கற சான்றிதழ்) கொடுக்க மாட்டேங்குது. தலைப்பப் பாத்துட்டு எச்.ஆர். முகமே மாறிடுச்சு. 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்கு அப்புறம் எண்ணூர்னாலே எல்லாரும் உஷாராயிடறாங்க.

ரிட்டயராகப் போறவன்

விதியில் அந்தச் சான்றிதழ் மூன்றே விஷயம்தான் கேட்கிறது: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கும் அளவுக்கு அவர் வேலை இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம். தலைப்பு அதில் இல்லை. இந்த மூன்றையும் மட்டும் தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். ஆனால் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள். கம்பெனிக்குள்ளிருந்து ஒரு மாதிரியோ ஓர் எண்ணோ ஆய்வுக்குள் வரக்கூடாது. கழிமுகத்தில் பொதுவெளியில் நீங்களே எடுத்த சேறு மட்டும்தான்.

பழைய பெஞ்சு

மணலி தம்பி, என்.ஓ.சி. கையில வர்ற வரைக்கும் கைடுகிட்ட தேதி சொல்லாதீங்க.

காசிமேட்டுக்காரி

எல்லாருக்கும் நன்றி. திரும்ப எழுதினேன், ரெண்டு பக்கம்தான் வந்துச்சு. தலைப்பு: 'ரொக்கமும் கணக்கும்: காசிமேடு ஃபைபர் படகுக் கரையில் பெண் வியாபாரிகள் மீன் வாங்கும் விலை, தடைக்காலத்துக்கு முன்னும் பின்னும்'. நீளமா இருக்கா?

அம்மாகிட்ட படிச்சுக் காமிச்சேன். முழுசா கேட்டுட்டு, 'எங்க ஏலக்காரரு பேர போடாத, மத்தவன் பேர போடு'ன்னாங்க. யார் பேரும் வராதும்மான்னு சொன்னேன், நம்பல.

பெஞ்சு அண்ணா சொன்ன மாதிரி தேடினதுல ரெண்டு பேர் தேறினாங்க. ஒருத்தர் கடன் சந்தை பத்தி எழுதியிருக்காரு, ஆனா ஓய்வுக்கு நாலு வருஷம்தான் இருக்கு. இன்னொருத்தங்க உதவிப் பேராசிரியர், கிராமப்புற சுய உதவிக் குழு பத்தி எழுதியிருக்காங்க, இடம் ஒண்ணு காலி, ஒரு ஸ்காலர்கூட இன்னும் முடிக்கல.

ரிட்டயராகப் போறவன்

தலைப்பு நீளம்தான், கமிட்டி குறைக்கும், விடுங்கள். 'முன்னும் பின்னும்' என்றால் நடுவில் எடுப்பது விட்டுப்போகிறது, அதை மட்டும் சேருங்கள்.

நான்கு வருடத்தில் ஓய்வு பெறுபவர் சட்டப்படி உங்களை எடுக்கலாம், ஓய்வுக்குப் பிறகு இணை நெறியாளராக 70 வயது வரை தொடரலாம். ஆனால் அப்போது மெயின் கைடாக யார் வருவார் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்றால் வேண்டாம்.

பழைய பெஞ்சு

என் ஓட்டு அந்த மேடத்துக்கு. யாரும் முடிக்கலன்னா முதல் ஸ்காலர முடிக்க வைக்கணும்னு அவங்களுக்கே அவசரம் இருக்கும். ஏற்கெனவே இருக்கற ஸ்காலர்கிட்ட பேசிட்டு சொல்லுங்க.

காசிமேட்டுக்காரி

பேசிட்டேன் அண்ணா. சேப்டர் மூணு வாரத்துல வந்துடுதாம், பக்கம் பூரா பென்சில் குறிப்பாம். அவங்களையே முதல்ல கேக்கறேன். நான் போட்ட மெயிலுக்கு இன்னிக்கு பதில் வந்துச்சு: 'வியாழக்கிழமை மதியம் வாருங்கள், புரபோசல் வேண்டாம், ஒரு நாள் ஏலத்தை எழுதி எடுத்து வாருங்கள்.'

தேரடி

அப்ப புதன்கிழமை விடியறதுக்கு முன்னாடியே கரைக்குப் போயிடு. நோட்டு நனையும், பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கோ. பென்சில்ல எழுது, பேனா மை கரைஞ்சிடும்.